கொடியசைத்த பெருமக்களுக்கு ஒரு சைக்கிள்காரனின் நன்றிக் கடிதம்

அனுப்புநர்:
சைக்கிள்காரன் ஒருவன்,
சாலையின் இடது ஓரம், சாக்கடை மூடிக்கு அருகில்,
சென்னை.

பெறுநர்:
பெருமதிப்பிற்குரிய தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
சுற்றுச்சூழல் திருவிழா ஏற்பாட்டுக் குழு,
குளிரூட்டப்பட்ட கூட்ட அரங்கு,
சென்னை.

பொருள்: தங்கள் கலைக் கண்காட்சியிலிருந்து என் சைக்கிளைத் திருப்பித் தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: சென்ற ஞாயிறு காலை நடைபெற்ற கொடியசைப்பு.

ஐயா, அம்மையீர்,

கடற்கரைச் சாலையில் தாங்கள் நடத்திய சுற்றுச்சூழல் திருவிழாவையும் சைக்கிள் பேரணியையும் கண்டு மெய்சிலிர்த்தவர்களில் அடியேனும் ஒருவன். குறிப்பாக அந்தக் கொடியசைப்பு! ரயிலுக்கு அசைத்துப் பார்த்திருக்கிறேன், மாரத்தானுக்கு அசைத்துப் பார்த்திருக்கிறேன். இடது கையால் செல்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கிளம்புவது யார் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், வலது கையால் பச்சை சாட்டின் கொடியை அசைத்த தங்கள் சிறப்பு விருந்தினரின் நளினத்தை இதுவரை எங்கும் கண்டதில்லை. போட்டோகிராபர் "சார், ஒன் மோர்" என்றதும், பிள்ளைகளெல்லாம் கிளம்பிப் போனபின் காலிச் சாலையைப் பார்த்து இன்னொரு முறை அசைத்தாரே, அங்கேதான் கண் கலங்கிவிட்டது.

அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டிருந்தீர்கள். பள்ளிப் பிள்ளைகள் அதற்கு முன்பே வந்து வரிசையில் நின்றார்கள். விருந்தினர் வந்தது எட்டு மணிக்கு மேல். முன்னால் இரண்டு கார், பின்னால் மூன்று கார். திரும்பி வந்து உட்காரும்போது உள்ளே வெக்கையாக இருக்கக் கூடாதே என்று விழா முடியும்வரை எல்லா இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தன. பேரணி சைக்கிள்கள் மினி லாரியில் கயிறு கட்டி வந்து இறங்கின. 'மிதித்தால் புகை இல்லை' என்ற பதாகையை லாரியின் புகைக்குழாய்க்கு நேர் மேலே கட்டியவர் யாரோ, அவருக்கு மட்டும் தனியாக ஒரு கொடி அசைக்கலாம்.

அந்தச் சைக்கிள் விழாவுக்குச் சைக்கிளில் வந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. வாசலில் செக்யூரிட்டி அண்ணன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"சைக்கிள் உள்ள வரக் கூடாது சார்."

"சைக்கிள் விழாதானேண்ணே?"

"ஆமா சார். விழா சைக்கிளெல்லாம் லாரியில வந்துடுச்சு."

கார் நிறுத்த மைதானம் ஒன்று, பைக் நிறுத்தக் கயிறு கட்டிய இடம் ஒன்று. சைக்கிளுக்கு வேப்ப மரம். "அதுல சாய்ச்சிட்டுப் போங்க" என்றவர், குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். அவரும் சைக்கிளில்தான் வேலைக்கு வருகிறாராம். ஜெனரேட்டர் லாரிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். சூப்பர்வைசர் பார்த்தால் "லுக் கெடுது" என்று சத்தம் போடுவாராம்.

என்னுடையது பழைய கறுப்பு ஹெர்குலிஸ். செயின் கவர், இரும்பு கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு. பூட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். உறுதிமொழி எடுத்தேன். பாலிதீன் உறைக்குள் போட்டுக் கொடுத்த மஞ்சப்பையை வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்தால் மரத்தடியில் வண்டி இல்லை. 'கழிவிலிருந்து கலை' அரங்கின் நட்ட நடுவில் நின்றது. கேரியரில் மணிபிளாண்ட் தொட்டி. ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் செவ்வந்திச் சரம். மட்கார்டில் பச்சை பெயின்ட்டில் இரண்டு இலை. முன்னால் 'பழைமைக்குத் திரும்புவோம்' என்று ஒரு பலகை. சீட்டில் ஒரு கைக்குழந்தையை உட்காரவைத்து அதன் தாத்தா படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் கை வைத்தேன். பச்சை டி-ஷர்ட் போட்ட தன்னார்வலர் பதறிப்போய் ஓடிவந்தார். "அங்கிள், டச் பண்ணாதீங்க ப்ளீஸ். இது இன்ஸ்டலேஷன்."

"தம்பி, இது என் சைக்கிள்."

"ஓ! நீங்கதான் ஆர்ட்டிஸ்டா?"

சாவியைக் காட்டினேன். ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டார்கள். சிறப்பு விருந்தினர் அந்த இடத்தில் படம் எடுத்துக்கொள்வதாக நிகழ்ச்சி நிரலில் இருப்பதால், அதுவரை வண்டியை அசைக்க முடியாது என்று முடிவாயிற்று. அவரும் வந்தார். என் சீட்டில் கை ஊன்றிச் சிரித்தார். "இதெல்லாம் இப்ப யாருங்க ஓட்டுறாங்க?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். பக்கத்திலிருந்தவருக்கும் தெரியவில்லை. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் சாவியோடு நின்றுகொண்டிருந்தேன். என் வண்டியைக் குப்பைமேட்டில் வீசாமல் கலையாக்கி வைத்த தங்கள் பெருந்தன்மைக்குத்தான் இந்தக் கடிதம். பெயின்ட் இன்னும் போகவில்லை.

விருந்தினரின் உரையைக் குறிப்பிடாவிட்டால் நன்றி கெட்டவனாவேன். திரையில் கோபன்ஹேகன் வந்தது, ஆம்ஸ்டர்டாம் வந்தது, அங்கே மந்திரிகள்கூட சைக்கிளில் போவது வந்தது. பலத்த கைதட்டல். ஒரு சின்னத் தகவல் மட்டும் விட்டுப்போயிற்று. அந்த ஆம்ஸ்டர்டாமிலும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கார் பெருத்துச் சைக்கிள் ஒதுங்கித்தான் கிடந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், சாலையில் பிள்ளைகள் அடிபட்டுச் சாவதைப் பொறுக்க முடியாமல் பெற்றோர் தெருவில் இறங்கி மறித்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. சைக்கிள் பாதைகள் அதற்குப் பிறகு வந்தவை. யாராவது கொடியசைத்ததாகத் தெரியவில்லை. பாவம், அவர்களிடம் பச்சை சாட்டின் இருந்திருக்காது.

கோபன்ஹேகன் வரை போவானேன்? தங்கள் பந்தல் போட்ட அதே சாலையில் விடியற்காலையில் வந்து நின்று பாருங்கள். பேப்பர் போடும் பையன், பால் பாக்கெட் கூடையோடு ஒருவர், சுக்கு காபி கேனை இரண்டு பக்கமும் கட்டிய இன்னொருவர், ராத்திரி டியூட்டி முடிந்து வீடு திரும்பும் வாட்ச்மேன்கள், ஐஸ் பெட்டி ஏற்றிய மீன்பாடி வண்டி. சைக்கிளை ஊக்குவிக்கக் குழு போட்டிருக்கிறீர்கள். இவர்களை யாரும் ஊக்குவிக்கவில்லை, வேறு வழியில்லாமல் மிதிக்கிறார்கள். ஹெல்மெட்டும் கியரும் டி-ஷர்ட்டும் இருந்தால் அது சுற்றுச்சூழல். லுங்கியும் கேரியரும் இருந்தால் அது போக்குவரத்து இடைஞ்சல்.

1970-ல் சென்னையில் நூறு பயணங்களில் இருபது சைக்கிளில் நடந்தன. 2008-ல் கணக்கெடுத்தபோது அது ஆறாகச் சுருங்கியிருந்தது. மீதிப் பேர் எங்கே போனார்கள்? கடன் வாங்கி மொபெட்டும் பைக்கும் வாங்கினார்கள், உயிர்மேல் ஆசை இருந்ததால்.

இத்தனைக்கும் இது சைக்கிள் செய்த ஊர். அம்பத்தூரில் 1949-லேயே டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிவிட்டது; என் ஹெர்குலிஸ் அந்த வீட்டுப் பிள்ளை. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டித் தகட்டு வில்லை வாங்கி மாட்ட வேண்டும். விளக்கில்லாமல் வந்தாலும் டபுள்ஸ் வந்தாலும் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்த அவமானத்தில்கூட ஒரு மரியாதை இருந்தது ஐயா. அதை ஒரு வண்டி என்று கணக்கில் எடுத்தார்கள். மணிபிளாண்ட் வைக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அங்கேயும் பேரணி நடந்தது, அங்கேயும் மேடை போட்டார்கள். ஆனால் பேரணி முடிந்த பிறகு அந்தப் பெண்கள் அதே சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனார்கள், குவாரி வேலைக்குப் போனார்கள். தங்கள் சைக்கிள்கள் மறுபடி லாரியில் ஏறிப் போயின.

அரசும் சும்மா இருக்கவில்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடுக்கிறது. அதில் பள்ளிக்குப் போய்ப் படித்து முன்னுக்கு வந்த பெண்பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு. சைக்கிள் கொடுத்தாயிற்று. அதை ஓட்டச் சாலையில் நாலடி கொடுக்கத்தான் மறந்துபோயிற்று. டெல்லியும் தன் பங்குக்கு வெகுநாள் சைக்கிளுக்கு 12 விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டது. பல லட்சம் விலையுள்ள மின்சாரக் காருக்கு 5. சைக்கிளுக்கும் 5 ஆனது 2025 செப்டம்பரில்தான். அட்லஸ் சைக்கிள் கம்பெனி அதுவரை காத்திருக்கவில்லை. 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே, சாகிபாபாத் ஆலையில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அன்றைக்கும் எங்கெங்கோ கொடியசைத்திருப்பார்கள்.

கொல்கத்தா காவல் துறை 2013-ல் நூற்றுக்கும் மேற்பட்ட சாலைகளில் சைக்கிளே வரக் கூடாது என்று நேரடியாகத் தடை போட்டது. வெளிப்படையான மனிதர்கள். நம் ஊரில் அப்படி முகத்திலடித்தாற்போல் செய்ய மாட்டோம். கொள்கை வகுப்போம். சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவிலேயே முதல் நகரம் என்று பாராட்டு வந்தது. அதன் இலக்கு: 2018-க்குள் பெரும்பாலான தெருக்களில் நடைபாதை. நடப்பவர், சைக்கிளில் போகிறவர் சாவு பூஜ்யம். நல்ல கொள்கை, மனதாரச் சொல்கிறேன். 2018 எப்போதோ போய்விட்டது. கொள்கைக்கு யாராவது கொடியசைத்துக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும், மறந்துவிட்டார்கள் போல.

இடது ஓரம் எப்படி இருக்கும் என்று தாங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. காரின் கண்ணாடி வழியே தெரியாது. சாலையை மேலே மேலே போட்டதில் மேன்ஹோல் மூடி நாலு விரற்கடை பள்ளத்தில் கிடக்கும். அதைச் சுற்றி வளைத்தால் பின்னால் பஸ். வளைக்காவிட்டால் முன்சக்கரம் இறங்கும். அடுத்து மழைநீர் வடிகாலின் கம்பி மூடி. கம்பிகளைச் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் வைத்திருப்பார்கள், நடுவே சைக்கிள் டயர் சிக்குவதற்கென்றே அளவெடுத்ததுபோல. தாண்டினால் மெட்ரோ தடுப்பு, அதைத் தாண்டினால் நிறுத்திவைத்த கார். யூ-டர்ன் எங்கோ தூரத்தில் இருப்பதால் எதிர்த்திசையில் வருகிற சைக்கிள்காரனை எல்லோரும் திட்டுவார்கள். அந்தத் தூரத்தை மிதித்துப் பார்த்தவர்கள் திட்ட மாட்டார்கள்.

2022-ல் இந்தியச் சாலைகளில் செத்த சைக்கிள்காரர்கள் நாலாயிரத்துக்கும் மேல். ஒன்றிய அரசின் கணக்கு இது. அவர்களில் எத்தனை பேர் பேரணிக்குப் போனவர்கள்? எத்தனை பேரிடம் கோபன்ஹேகன் படம் காட்டினீர்கள்? வாட்ச்மேன் செத்தால் பத்திரிகையில் மூன்று வரி, 'அடையாளம் தெரியாத வாகனம் மோதி' என்று. வீட்டில் அன்று ராத்திரியிலிருந்து சம்பளம் இல்லை. நீங்கள் பந்தலுக்கும் பதாகைக்கும் டி-ஷர்ட்டுக்கும் செலவழித்துவிட்டு 'விழிப்புணர்வு' என்கிறீர்கள். யாருக்கு விழிப்புணர்வு? தினமும் மிதிக்கிறவனுக்கா? அவன் விழித்துக்கொண்டுதான் இருக்கிறான், கண்ணை மூடினால் லாரி ஏறிவிடும்!

மன்னிக்க வேண்டும். கடிதம் எங்கோ போய்விட்டது. கொடிக்கு வருகிறேன்.

இவ்வளவு வலிமையுள்ள கொடியை ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பயன்படுத்துவது தேசிய விரயம் என்பது என் தாழ்மையான கருத்து. அது அசைந்தபோது கடற்கரைச் சாலையில் பஸ் நின்றது, கார் நின்றது, தண்ணீர் லாரியே நின்றது. இப்படியொரு காட்சியை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆகவே சிறப்பு விருந்தினர்களைச் சுழற்சி முறையில் ஒவ்வொரு யூ-டர்னிலும் நிறுத்தலாம். மாலை ஆறு மணிக்குக் கிண்டிப் பக்கம் ஒருவர், ராத்திரி டியூட்டி மாறும் நேரத்தில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒருவர். காவலாளி சாலையைக் கடக்கும்வரை அசைத்துக்கொண்டே இருந்தால் போதும். பொன்னாடை செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். "ஒன் மோர்" சொல்லவும் ஆள் தருகிறோம்.

அது இயலாதென்றால், அடுத்த ஆண்டு விழாவுக்குப் பணம் ஒதுக்கும் கூட்டத்தில் இரண்டே விஷயங்களைப் பேசுங்கள். ஒன்று, மெட்ரோ, மின்ரயில் நிலைய வாசல்களில் சைக்கிளைப் பூட்டிவைக்கக் கூரையோடு ஒரு ஸ்டாண்டு. ஜெனரேட்டர் வாடகையையும் பந்தல் காசையும் மிச்சம்பிடித்தால் ஒன்றிரண்டு நிலையங்களுக்காவது வரும். இன்னொன்று, அந்த வடிகால் கம்பி மூடிகள். வார்டு பொறியாளரை அழைத்து, கம்பிகள் சாலைக்குக் குறுக்காக வரும்படி மாற்றச் சொல்லுங்கள். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரும் அரை நாள் வேலையும் போதும். முதலில் ஒரே ஒரு தெருவில் செய்து காட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இடது ஓரத்துக்காரன்.

நகல்: வார்டு பொறியாளர் அவர்களுக்கு. வடிகால் மூடி பற்றிய பத்தியை மட்டும் படித்தால் போதும்.