சுற்றுலாச் செயலாளர்

பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த ஈரம் காயவில்லை, அதற்குள் செயலாளரிடமிருந்து வாட்ஸ்அப் வந்துவிட்டது. "சம்மர் பிளான், பதிப்பு 1. பார்த்துவிட்டுக் கருத்து சொல்லவும்." ஜன்னலுக்கு வெளியே நியூஜெர்ஸியில் முழங்கால் அளவு பனி. காரை வெளியே எடுக்கவே மண்வெட்டி வேண்டும். இவரோ வருகிற ஜூலையில் பகல் 1:10க்கு எந்த மரத்தடியில் நாங்கள் தயிர்சாதம் சாப்பிடுவோம் என்பதைப் பச்சைக் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்.

கருத்து சொல்லவும் என்பதை நம்பி முதல் வருடம் நான் ஒரு கருத்து சொன்னேன். அதை ஒரு சிவப்புக் கட்டத்தில் போட்டு, பக்கத்தில் "பரிசீலனையில்" என்று எழுதினார். ஐந்து வருடமாக அது பரிசீலனையிலேயே இருக்கிறது.

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. உங்கள் ஊரில் அவர் அலுவலக நண்பராக இருக்கலாம், மாடிவீட்டு மாமாவாக இருக்கலாம். என் மனைவியின் அக்கா வீட்டுக்காரரைத்தான் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொதுவாகத்தான் எழுதுகிறேன். பொதுவாகத்தான் எழுதுகிறேனா என்று என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளைகள் டிஸ்னி என்று ஆரம்பித்தாலே செயலாளருக்கு முகம் மாறிவிடும். பெரிய பூங்கா என்றால் கூட்டம், வெயில், வரிசை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காசு. அவருக்கு வேண்டியது சின்ன பூங்கா, பழைய பூங்கா. முதலிடம் க்னோபல்ஸுக்கு. பென்சில்வேனியாவில் எலிஸ்பர்க் பக்கம், காட்டுக்கும் ஓடைக்கும் நடுவே, 1926இலிருந்து ஒரே குடும்பம் நடத்திவருகிற இடம். உள்ளே நுழையக் காசில்லை, வண்டி நிறுத்தக் காசில்லை, ஏறுகிற சவாரிக்கு மட்டும் சீட்டு. இதைச் சொல்லும்போது அவர் குரல், பெண் வீட்டில் வரதட்சணை வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டாரின் குரல்போல ஆகிவிடும். இன்னொன்று, பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். "நோபல்ஸ் இல்ல சகலை, க்-னோபல்ஸ். கே-யை முழுங்கக் கூடாது." (சகலை என்று கை தவறி எழுதிவிட்டேன். பொதுவாகத்தான்.)

அங்கிருந்து மேற்கே பிட்ஸ்பர்க். அந்த ஊர்ப் பக்கத்தில் 1898இல் தொடங்கிய கென்னிவுட். கென்னிவுட் மாதிரிப் பூங்காக்கள் ஏன் வந்தன என்ற சொற்பொழிவு காரில் இலவசம். டிராம் கம்பெனிக்காரன் பார்த்தான். வாரநாளில் வேலைக்குப் போகிற கூட்டம் இருக்கிறது, சனி ஞாயிறு வண்டி காலியாக ஓடுகிறது. தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு பூங்காவைப் போட்டான். நாலு ஊஞ்சல், ஒரு ராட்டினம், ஒரு நடன மண்டபம். ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு கடைசி நிறுத்தம்வரை வந்தார்கள். "பாருங்க, ஒரு நாள்கூட வண்டி சும்மா ஓடக்கூடாதுன்னு யோசிச்சிருக்கான் பாருங்க!" நூறு வருடத்துக்கு முந்திய டிராம் கம்பெனி மேலாளரைத் தன் சொந்தக்காரராகவே அவர் நினைக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும் நேரம்.

போன தடவை நாலு குடும்பம். எடிசனில் ஒரு மளிகைக் கடை வாசலில் எல்லோரும் சேர்ந்து கிளம்புவதாக ஏற்பாடு. எங்களுக்கு வந்த அட்டவணையில் காலை 5:00 மணி. அந்தக் கடை எங்கள் வீட்டிலிருந்து ஒரே மைல். ஆனாலும் எங்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. அவர் ஐந்து என்றால் அது ஐந்தரை. ஆகவே ஐந்தரைக்குப் போனால் போதும். ஐந்தரைக்குப் போகலாம் என்று நினைத்தால் ஐந்தே முக்கால் ஆகும். ஆனது. போய்ப் பார்த்தால் பிளெயின்ஸ்பரோ குடும்பம் அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தது. எங்களைவிடத் தாமதமாக ஒரு குடும்பம் வருவதைப் பார்த்து எனக்கு உள்ளூரச் சந்தோஷம். செயலாளர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

புரிந்தது எண்பதாம் நெடுஞ்சாலை ஓய்விடத்தில். பிளெயின்ஸ்பரோ அம்மாள் ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டே, "நாங்க கரெக்டா அஞ்சே முக்காலுக்கு வந்துட்டோம்ங்க, இந்த வருஷம் லேட்டுன்னு பேரே வாங்கல" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சவுத் பிரன்ஸ்விக் நண்பரைப் பார்த்தேன். "உங்களுக்கு எத்தனை மணி?" "அஞ்சரை." மூன்று பேரும் போனை எடுத்தோம். ஒரே கோப்பு, ஒரே தலைப்பு, ஒரே பச்சை மஞ்சள் நீலம். முதல் வரியில் நேரம் மட்டும் வேறு. அவர்களுக்கு 5:45. இவர்களுக்கு 5:30. எங்களுக்கு 5:00.

உண்மையான நேரம் 6:00.

அதாவது ஒரு மைல் தூரத்தில் இருக்கிற எங்களை ஒரு மணி நேரம் முன்னதாக வரச்சொல்லியிருக்கிறார். எங்கள்மேல் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதை இவ்வளவு துல்லியமாக, நிமிடக் கணக்கில், வேறு எந்த உறவினரும் எங்களுக்குத் தெரிவித்ததில்லை. நேராகப் போய்க் கேட்டேன். ஒரு சங்கடமும் இல்லை மனிதருக்கு. மடிக்கணினியைத் திறந்து மூல அட்டவணையைக் காட்டினார். அதில் குடும்பவாரியாகத் தாமதச் சராசரி என்று ஒரு பத்தி. ஐந்து வருடக் கணக்கு. நாங்கள் 47 நிமிடம்.

"அதில ஒரு வருஷம் பையனுக்கு வாந்தி. அதையெல்லாமா சேர்ப்பீங்க?" என்றேன்.

"வாந்தியும் சேர்ந்ததுதானே சராசரி" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? கூட நின்ற இரண்டு குடும்பத் தலைவர்களும் எங்கள் 47ஐப் பார்த்துவிட்டுத் தங்கள் எண்ணைத் தேடினார்கள். அதன் பிறகு அந்த ஓய்விடத்தில் யாரும் அவர் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. தன் எண் அடுத்தவன் எண்ணைவிடக் குறைவா என்பதே பேச்சாகிவிட்டது. ஒரு நாட்டை ஆளும் தகுதி அவருக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அவர் வீட்டம்மாவுக்கு எத்தனை மணி சொன்னார் என்று பிறகு விசாரித்தோம். அக்கா பெருமூச்சு விட்டு, "முந்தின நாள் ராத்திரியே கெளம்பணும்னு சொன்னார்" என்றாள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓய்விடம் தாண்டி அரைமணி நேரத்தில் எங்கள் வண்டி டயர் பஞ்சர். நான் பதறிப்போய் இறங்கி நிற்கிறேன். செயலாளர் அட்டவணையை ஒரு பார்வை பார்த்தார். "டயர், 35 நிமிஷம். போட்டிருக்கேன்." உண்மையாகவே போட்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, புல்லில் முழங்கால் போட்டு, ஜாக்கியை அவரே வைத்தார். நட்டுகளைக் கழற்றிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார், எண்ணிக்கொண்டே. லாரி போகிற காற்றில் அவர் தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. 31 நிமிடம். மிச்சம் நாலு நிமிடத்தை மதியச் சாப்பாட்டோடு சேர்த்தார். அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

க்னோபல்ஸ் போய்ச் சேர்ந்ததும் சீட்டுப் புத்தகங்கள் அவர் கைக்குப் போய்விடும். எந்தச் சவாரியிலும் அவர் ஏறமாட்டார். பெஞ்சில் எல்லோர் பையையும் சுற்றி வைத்துக்கொண்டு உட்காருவார். ஃபீனிக்ஸ் என்ற மர ரோலர்கோஸ்டர் எதிரில்தான் அவருக்குப் பிடித்த பெஞ்ச். அது 1947இல் டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் கட்டியது. அங்கே பூங்கா மூடிக் கிடந்தபோது, பலகை பலகையாகக் கழற்றி, லாரிகளில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து 1985இல் நிறுத்தினார்கள். பிள்ளைகள் அதில் சரிவில் விழும்போது ஆசனத்தைவிட்டு எழும்பிக் கத்துகிறார்கள். இவர் கீழே கண்கலங்க உட்கார்ந்திருக்கிறார். "ஒவ்வொரு கட்டைக்கும் நம்பர் போட்டுக் கழட்டியிருக்கான் சகலை. ஒவ்வொரு கட்டைக்கும்!" அவர் அந்த ரோலர்கோஸ்டரைக் காதலிக்கவில்லை. அந்த நம்பரைக் காதலிக்கிறார்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். குடைராட்டின விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே ஒரு குடைராட்டினம் இருக்கிறது. 1913இல் செய்தது, 63 மரக்குதிரைகள். வெளிவரிசைக் குதிரையில் உட்கார்ந்தால், சுற்றில் ஓர் இடத்தில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் வளையம். குதிரை அந்த இடத்துக்கு வரும்போது சேணத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, வலது கை ஒரு விரலால் வளையத்தை இழுக்க வேண்டும். சில்லென்று இரும்பு விரலில் வந்து விழும். எல்லாம் இரும்பு. ஒன்றே ஒன்று பித்தளை. அது யார் விரலில் வருகிறதோ அவருக்கு இன்னொரு சவாரி இலவசம். ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்க இருந்த விளையாட்டு. இப்போது இது நடக்கிற இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இசைப்பெட்டி முழங்க, தாத்தாக்கள்கூடச் சாய்ந்து சாய்ந்து கை நீட்டுகிறார்கள்.

எனக்கு வயது 46. அந்தப் பித்தளை வளையம் எனக்கு வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்து வருடமாகப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே சுற்று. இறங்கி இன்னொரு சீட்டுக் கேட்டால், "2:40 ஆயிடுச்சே" என்பார். போன தடவை விடவில்லை. "பித்தளை வந்தா இன்னொன்று ஃப்ரீ தெரியுமா?" என்று அவருக்குப் பிடித்த வார்த்தையையே பிரம்மாஸ்திரமாக எறிந்தேன். இலவசம் என்றதும் மனிதர் தடுமாறினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்: "வந்தா இன்னும் நாலு நிமிஷம் போகுமே சகலை. வராம இருக்கறதே நல்லது."

எனக்குக் கோபம்தான். ஜனங்கள் சும்மா இருக்க வந்த இடம் அது. ஓடைக்கரையில் காலை நனைத்துக்கொண்டு, தின்னக்கூடாததைத் தின்றுகொண்டு, ஒரே ராட்டினத்தில் ஒன்பது தடவை ஏறலாம். ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அந்தச் சும்மாவையும் இவர் 1:35 முதல் 1:50 வரை என்று நீலக்கட்டத்தில் அடைத்து வைத்தார். ஐஸ் பெட்டியில் புளியோதரை இருப்பதால் பிள்ளைகள் உருளைக்கிழங்கு வறுவல் கேட்கக்கூடாது. மழை வந்தாலும் அதற்கென்று தனித்தாள். நான் விடுமுறை எடுத்தேன். இவர் எடுக்கவே இல்லை, எங்களையும் எடுக்கவிடவில்லை.

கென்னிவுட்டில் மட்டும் ஒருமுறை பழி தீர்ந்தது. அங்கே ரேசர் என்று 1927ஆம் வருடத்து மர ரோலர்கோஸ்டர். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டிபோட்டு ஓடும். ஆனால் தண்டவாளம் ஒன்றுதான். இடப்பக்கம் கிளம்பின வண்டி வலப்பக்கம் வந்து நிற்கும். செயலாளர் இடது மேடைப் பக்கம் தண்ணீர் பாட்டில்களோடு எங்களுக்காக நின்றார். நாங்கள் வலப்பக்கமாக இறங்கி வந்தோம். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏமாற்றப்பட்ட மாதிரி அந்தத் தண்டவாளத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். மாலையில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலில்கூட அவர் வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் அதிகமாகக் கண்மூடி நின்றார். பெருமாளிடம் அதைப் பற்றித்தான் விசாரித்திருப்பார்.

இந்த வருட அட்டவணை நேற்று வந்தது. திறந்ததும் முதல் வரியைத்தான் பார்த்தேன். எங்களுக்கு 4:35.

ராத்திரி பிளெயின்ஸ்பரோக்காரர் போன் செய்தார். ஊர் விஷயம், பனி, பிள்ளைகள் படிப்பு என்று சுற்றி வளைத்துவிட்டு, "ஆமா, உங்களுக்கு இந்தத் தடவை எத்தனை மணி?" என்றார்.

"அஞ்சே முக்கால்" என்றேன்.