அப்பா கார், பிள்ளை ஸ்டியரிங்

கேள்வி: டெல்லியில் பெற்றோருடன் வசிக்கும் 19 வயது மகன் அப்பாவின் காரை ஓட்டினால் இன்ஷூரன்ஸ் செல்லுமா?
(கரோல் பாக் வாசகர்)

பதில்: லைசென்ஸ் இருந்தால் செல்லும். இங்கே பாலிசி காருக்குத்தான், ஓட்டுபவரின் மீசைக்கு அல்ல. 2022 ஜூனில் அமலான மூன்றாம் நபர் பிரீமியம், 1,000 சிசி வரையிலான காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். ஓட்டுவது தாத்தாவா பேரனா என்ற கேள்வியே இல்லை. லண்டனில் கேட்பார்கள், இளைஞர் என்றாலே பிரீமியம் எகிறும்.

ஆனால் மகன் பம்பரை நசுக்கி கிளெய்ம் வாங்கினால், அப்பா ஐந்து வருடம் பொத்திப் பொத்தி ஓட்டிச் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் அடுத்த புதுப்பித்தலில் அம்பேல்!

தம்பிக்கு 17 வயதா? சாவியை ஒளித்து வைக்கவும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவுப்படி 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் அப்பாவுக்கு.