பேரேட்டை மூடிய பாகவதர்

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வீதிக்கு ஒருவராவது இவர் இருப்பார். இருபது வருஷ காலம் பாங்கு ஒன்றில் பிறர் பணத்தை எண்ணிக்கொண்டும், கடன் கேட்டு வந்தவர்களின் பத்திரங்களில் வில்லங்கம் தேடிக்கொண்டும், ஜாக்கிரதையே உருவெடுத்தாற்போல வாழ்ந்த இம்மனிதர், ஏதோ ஒரு மார்கழியில், தாம் ஜன்மம் எடுத்தது கணக்குக்காக அன்று, சங்கீதத்துக்கும் நாடகத்துக்குமே என்று ஞானோதயம் பெற்று, உத்தியோகத்தை ராஜினாமாச் செய்துவிடுகிறார்.

ஆவேசத்தில் செய்த காரியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிராவிடண்டு பண்டு எவ்வளவு, கிராஜுவிடி எவ்வளவு, பள்ளிக்கூட உபாத்தியாயினியான மனைவியின் சம்பளத்தில் அரிசி பருப்புக்குப் போக மிஞ்சுவது எவ்வளவு என்றெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்த பின்னரே இவர் கலைப்பித்துக் கொண்டார். அந்தக் கணக்கில் மனைவியின் சம்மதம் மட்டும் ‘வர வேண்டிய பாக்கி’ என்ற தலைப்பில் இன்னும் நிற்கிறது.

எதிர்த்துப் பேசுவோரை வாயடைக்க நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரையும் சினிமா டைரக்டர் கே. பாலசந்தரையும் சாட்சிக்கு அழைப்பார். 1891-இல் சுகுண விலாச சபையை ஸ்தாபித்த முதலியார் வக்கீலாகவும் பின்னர் நியாயாதிபதியாகவும் இருந்துகொண்டே வேஷம் கட்டினார் என்பதும், பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் உத்தியோகத்தை வைத்துக்கொண்டேதான் மேடை நாடகத்தில் பெயரெடுத்தார் என்பதும் இவருடைய தணிக்கையில் எப்படியோ விடுபட்டுப்போன இனங்கள்.

டிசம்பர் ஸீஸனில் டிக்கெட் இல்லாத மத்தியானக் கச்சேரி ஒன்று இவருக்குக் கிடைக்கிறது. கேண்டீனில் வயிறார உண்டுவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே நித்திரைக்கு இடம் தேடி வருகிற பெரியோர்களே சபை. கற்பனை ஸ்வரம் கற்பனையில் உதிப்பதாயிற்றே என்றால், இவருக்கு அது முதல்நாள் இரவே தாளில் பென்சிலால் போட்டுக் கூட்டிச் சரிபார்க்கப்பட்டுவிடுகிறது. கோர்வை ஓர் அக்ஷரமும் பிசகாமல் சமத்தில் வந்து விழும்போது, ஐந்தொகையின் இரு பக்கமும் சரிக்கட்டிய ஆனந்தம் இவர் முகத்தில் தாண்டவமாடும். சுருதி சுத்தமாகவே பாடுகிறார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

நடிப்புத் துறையிலோ விதி வேறு விதமாகப் பரிகாசம் செய்கிறது. துரியோதனனாகவும் நந்தனாராகவும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருப்பவருக்குத் தொலைக்காட்சித் தொடரில் கிடைத்த முதல் வேஷம் பாங்கு மானேஜர். மேஜைமேல் காட்சிக்காக வைத்திருந்த பேரேட்டைப் புரட்டினவர், கூட்டுத்தொகை தப்பாக இருக்கக் கண்டு வசனத்தையே மறந்து பேனாவைத் திறந்துவிட, டைரக்டர் அன்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சபாக்காரர்களோ இவருடைய மேதைமையைச் சரியாகவே கண்டுகொண்டார்கள். ஏகமனதாகப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

இப்படி ஒருவர் உங்களுக்குச் சிநேகிதராக வாய்த்தால் பரிகசிக்காதீர்கள். மத்தியான வெயிலானாலும் போய், விழித்திருந்து கேளுங்கள். உங்கள் வருமான வரிக் கணக்கையும் அவரிடமே கொடுங்கள். கூலி வேண்டாம் என்பார், வற்புறுத்திக் கொடுத்துவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களுக்கு அன்றைய சன்மானம் அதிலிருந்துதான் போக வேண்டும்.