உறிஞ்சுகுழலுக்கு 20 நாள்

நம் ஒற்றர் படை நவீனமாகிவிட்டது. நாட்டுக்கு இனி பயமில்லை. அந்தக் கால ஒற்றன் தாடி ஒட்டி, டீக்கடை பெஞ்சைத் தேய்த்துக் காது தீட்ட வேண்டியிருந்தது. பெகாசஸ் என்ற இஸ்ரேலிய உளவு மென்பொருள் சரக்குக்கு அந்தப் பாடெல்லாம் கிடையாது. நீங்கள் எதையும் தொட வேண்டாம். போன் சும்மா கிடந்தாலே உள்ளே புகுந்து, மைக்கையும் கேமராவையும் தானே திறந்துகொள்ளும்.

குறிவைக்கப்பட்டிருக்கக்கூடிய எண்களின் பட்டியல் 2021 ஜூலையில் வெளியானது. பயங்கரவாதிகளைத் தேடிப் படித்தவர்களுக்குப் பத்திரிகையாளர்களும் ராகுல் காந்தியும் முன்னாள் தேர்தல் ஆணையர் ஒருவரும்தான் அகப்பட்டார்கள். எல்லாம் கட்டுக்கதை என்று மக்களவையில் முழங்கிய தகவல் தொழில்நுட்ப அமைச்சரின் எண்ணும் அதில் இருந்தது. அத்தனை பாரபட்சமற்ற சேவை!

அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்கிறது தயாரித்த என்.எஸ்.ஓ. நிறுவனம். வாங்கினீர்களா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. வாங்கினோம் என்றும் சொல்லவில்லை, வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை; தேசப் பாதுகாப்பு என்றது மத்திய அரசு. நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ தீநிரல் இருக்கிறது, பெகாசஸ்தானா என்பதற்கு முடிவான சான்றில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022இல் அறிக்கை தந்தது. அதோடு சரி.

இந்த அதிவேக யுகத்தில்தான் ஸ்டான் சுவாமியையும் பார்த்தோம். திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடிகளுக்காக உழைத்த பாதிரியார். பீமா கோரேகான் வன்முறை வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை 2020 அக்டோபரில் அவரைக் கைதுசெய்தபோது வயது 83. பார்க்கின்சன் நோய், நடுங்கும் கையில் டம்ளர் நிற்காது. உறிஞ்சுகுழலும் மூடி போட்ட குவளையும் கேட்டார். பதில் சொல்ல முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. பிறகு, எங்களிடம் இல்லை என்றது. 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே செத்துப்போனார். அவருக்கு எதிரான சான்றாகக் காட்டப்பட்ட, அவருடைய கணினியில் இருந்த கோப்புகள் வெளியிலிருந்து ஊடுருவிச் செருகப்பட்டவை என்று ஆர்செனல் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் அடுத்த ஆண்டு சொன்னது. செருகிய கை யாருடையது என்று காட்டும் கருவியை மட்டும் யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை போலும்!

1887இல் வெள்ளைக்காரன் தொடங்கிய உளவுத்துறைக்கு நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. ரேஷன் அரிசிக்குக் குடிமகன் விரல் ரேகை வைக்க வேண்டும். அவன் படுக்கையறையை ஒட்டுக்கேட்பவன் எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டாம். பூனைக்குப் புதுசு புதுசாய் நகம் வாங்கிக் கொடுப்பது தேசபக்தி. மணி கட்டச் சொன்னால் மட்டும் தேசத்துரோகம்.