அப்பும் ஆஃபும் ஆண்ட பட்டணம்

1639ல் பிரான்சிஸ் டே என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஆசாமி, சாந்தோமுக்கு வடக்கே ஒரு மணல்திட்டைப் பார்த்து ‘கோட்டை கட்ட இதுதான் இடம்’ என்றார். துறைமுகம் கிடையாது. அலை படகைத் தூக்கிக் கவிழ்க்கும். போயும் போயும் இந்த இடமா என்று கேட்டால், பக்கத்துப் போர்த்துக்கீசிய சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள், நினைத்தபோது போய்வர வசதி என்று ஒரு வம்பு இன்றுவரை ஓடுகிறது. மயிலாப்பூர் திண்ணைகள் அப்போதே விழிப்பாக இருந்திருக்கின்றன.

கப்பலில் வந்த சரக்குக்கெல்லாம் கம்பெனி கணக்கு வைத்தது. கணக்கில் ஏறாமல் இறங்கிய சரக்கு ஒன்றுண்டு: அப், ஆஃப், அவுட், இன், ஆன் என்ற பொடிச் சொற்கள். கிவ் என்றால் கொடு. அதை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். கிவ் அப் என்றால் கைவிடு. கிவ் இன் என்றால் பணிந்து போ. கிவ் அவே என்றால் தானம் செய், அல்லது ரகசியத்தை உளறு, அல்லது பெண்ணைத் தாரை வார். தலை அதேதான், வாலை மாற்றினால் மிருகமே வேறு.

வெள்ளைக்காரருக்கும் இது தெரியாமல் இல்லை. 1746ல் பிரெஞ்சுக்காரர்களிடம் நிஜமாகவே கோட்டை விட்டு, 1749ல் திரும்ப வாங்கி, அவர்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1755ல் லண்டனில் சாமுவேல் ஜான்சன் தன் பெரிய அகராதியை வெளியிட்டார். வினையோடு இந்த வால்கள் சேர்வதுதான் அந்நியரை அதிகம் திணற அடிக்கிறது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். ஆனால் இந்த மிருகத்துக்கு ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயர் அச்சில் பரவியது லோகன் பியர்சல் ஸ்மித் 1925ல் எழுதிய புத்தகத்தால். அந்தப் பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. ஆக, பெயர் வைக்காத பூதத்திடம் மதராஸ் பையன்கள் அதற்கு முன்பே இரண்டு தலைமுறை அடி வாங்கியிருந்தார்கள்.

வெள்ளைக்காரர்கள் மட்டும் சும்மா தப்பினார்களா என்றால், அதுதான் இல்லை. 1812ல் எல்லிஸ் துரையின் முயற்சியில் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. சீமையிலிருந்து இறங்கிய மீசை முளைக்காத துரைமார் அங்கே தமிழ் படித்துத் தேறவேண்டும். வா, போ வரைக்கும் வண்டி ஓடியிருக்கும். பிறகு முன்ஷி ‘வந்துவிடு’ என்பார், ‘வந்துகொள்’ என்று சொல்லக்கூடாது என்பார், ‘வந்து தொலை’ என்று தன் பையனைக் கூப்பிடுவார். தொலைவதற்கு எதற்கு வரவேண்டும் என்று துரை குழம்பியிருக்க மாட்டாரா? படித்துக் கிழித்தான் என்றால் படிக்கவில்லை என்று அர்த்தமாகும் மொழியில், கிழிந்தது எது என்று எந்த இலக்கணத்தில் தேடுவார்? அவர்களுடைய ‘அப்’பும் ‘ஆஃப்’பும் செய்யும் வேலையைத்தான் நம்முடைய விடு, கொள், போடு, தொலை எல்லாம் செய்கின்றன. ஈட் அப் என்று துரையின் அம்மா அதட்டினாள். சாப்பிட்டுவிடு என்று நம் அம்மா அதட்டினாள். 1839ல் மதராசில் வந்து இறங்கிய ஜி.யு.போப், தமிழ் கற்பவர்களுக்குக் கைநூல் எழுதும் அளவுக்குத் தேறினார் என்றால், அவருக்கு மெரினாவில் சிலை வைத்தது சரிதான்.

இந்த ஒற்றுமையை முதலில் கண்டுபிடித்தது பண்டிதர் யாருமில்லை, துரை வீட்டு பட்லர். 1886ல் யூலும் பர்னெலும் கொண்டுவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று மதராஸ் மாகாணத்து வேலைக்காரர் பேச்சுக்குத் தனிக் குறிப்பே போட்டிருக்கிறது. சொல்லிவிட்டேன் என்பதற்கு அவர் ‘ஐ டன் டெல்’ என்பாராம். படித்துவிட்டு துரைமார் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? ‘விட்டேன்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டன்’ கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. முட்டைப் பொரியலோடு ஒப்பிலக்கணமும் பரிமாறிய அந்த மனிதருக்குச் சிலை இல்லை.

1857ல் பல்கலைக்கழகம் வந்தது. முதல் பட்டதாரிகள் என்ற பெருமையை தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை என்ற இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள் தட்டிக்கொண்டு போனார்கள். உள்ளூர்க்காரர்கள் அதற்குப் பிறகு விழித்துக்கொண்டு மில்டனையும் பர்க்கையும் மனப்பாடம் செய்தார்கள். நீளமான லத்தீன் சொல் என்றால் நம்மவர்களுக்கு வெல்லக்கட்டி. சமஸ்கிருத சமாசம் உருட்டிய நாக்கு அல்லவா! பொறுத்துக்கொண்டான் என்பதற்கு ‘டாலரேட்டட்’ வரும், ‘புட் அப் வித்’ வராது. பிற்பாடு ஆங்கில நாவலால் உலகப் புகழ் பெற்ற, புரசைவாக்கத்தில் பிறந்த ஆர்.கே. நாராயணே கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில்தான் தவறினார். ஆகவே மற்றவர்கள் மனசை விட வேண்டாம்.

விதிவிலக்கு வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். வெள்ளி நாக்கு என்று வெள்ளைக்காரரே பட்டம் கொடுத்தார்கள். காந்தியின் சுயசரிதையை மகாதேவ் தேசாய் ஆங்கிலமாக்கினார் அல்லவா? அதன் மறுபதிப்பைத் திருத்திக்கொடுத்தவர், பெயர் வெளியே வரக்கூடாது என்று நிபந்தனை போட்ட ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் சாஸ்திரிதான். தேசப்பிதாவின் சத்திய சோதனையில் ஒரு ‘ஆஃப்’பை நகர்த்திவிட்டு ‘ஆன்’ வைத்த கை மயிலாப்பூர் வட்டாரத்துக் கை என்று கற்பனை செய்துபார்க்க எனக்குப் பிடிக்கிறது. 1944ல் அதே மயிலாப்பூரில் ராமாயணத்தைப் பற்றி வரிசையாகச் சொற்பொழிவு செய்தார், இங்கிலீஷில். கைகேயி வரம் கேட்டதும், தசரதன் ‘கிவ் இன்’ ஆனதும் மாமாக்களுக்கு அந்த வருஷம்தான் தெளிவாகப் புரிந்திருக்கும்.

வால்வினையை உதாரணத்தோடு நடத்திக் காட்டிய பாடம் ஒன்றும் உண்டு. 1917ல் அடையாற்றில் இருந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் கிளர்ச்சி பொறுக்காமல் அரசாங்கம் அவரை ஊட்டியில் காவலில் வைத்தது. அதாவது, ‘ஷட் அப்’. மயிலாப்பூரில் ஓய்வு பெற்ற நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர், சர் பட்டத்தோடு மரியாதையாகக் காலம் தள்ளவேண்டியவர், அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதிவிட்டார். அதாவது, ‘ஸ்பீக் அப்’. இந்தியா மந்திரி மாண்டேகுவும் வைஸ்ராயும் அவரைக் கண்டித்தார்கள். ‘டெல்லிங் ஆஃப்’ என்பது அதுதான். ஐயர் என்ன செய்தார்? சர், திவான் பகதூர் இரண்டு பட்டத்தையும் வீசி எறிந்தார். ‘கிவ் அப்.’ சுதந்திரப் போராட்டம் முழுவதையும் இப்படி நாலு வால்வினையில் முடித்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சௌகரியம்!

1947ல் வெள்ளைக்காரர் போனபோது கோட்டையைத் தலைமைச் செயலகத்துக்கு விட்டுவிட்டுப் போனார்கள். கூடவே ‘புட் அப்’பையும். உலகத்தில் வேறெங்கும் புட் அப் வித் என்றால் சகித்துக்கொள். நம் ஆபீஸ்களில் மட்டும் ‘புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்’ என்று அதிகாரி பச்சை மையில் கிறுக்கினால், பழைய காகிதங்களைச் சேர்த்து வைத்து என் மேஜைக்கு அனுப்பு என்று பொருள். கிளார்க்குக்கு இரண்டு அர்த்தமும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம். சாயங்காலம் அவர் லஸ் முனையில் தூரத்து உறவைப் பார்த்தால் ‘எங்கே புட் அப்?’ என்று கேட்பார். அது ஜாகையைப் பற்றி. ‘கொஞ்சம் வெயிட் போட்டுட்டேளே’ என்றும் சேர்த்துக்கொள்வார். சதை போடுவது நம் பூர்வீகச் சொத்து. ‘வெயிட்’ மட்டும் புட் ஆன் செய்தவனிடம் வாங்கியது.

அதற்குப் பிறகு பட்டணம் தேர்வெழுதுவதை நிறுத்திவிட்டு, பழிவாங்க ஆரம்பித்தது. கோடம்பாக்கம் முன்னால் நின்றது. மேக்கப் போட்டார்கள், புது கெட்டப் என்று போஸ்டர் ஒட்டினார்கள், சூரியன் சாய்ந்ததும் பேக்கப் என்று கத்தினார்கள். ‘பில்ட் அப்’ என்றால் கட்டியெழுப்பு என்று சீமையில் அர்த்தம், தி.நகரில் ‘ரொம்ப பில்டப் கொடுக்காதே’ என்றால் அளக்காதே என்று அர்த்தம். ‘செட்டப்’ என்ற அப்பாவிச் சொல்லுக்கு நாம் கொடுத்த பொருளை இங்கே விவரிக்க முடியாது. பிரான்சிஸ் டே இருந்தால் உடனே புரிந்துகொள்வார். ‘பாஸ் அவுட்’ என்றால் அவர்களுக்கு மயங்கி விழுவது. நம் கல்யாண வரன் விளம்பரத்தில் மாப்பிள்ளை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2015ல் பாஸ் அவுட். தெளிந்து எழுந்து இப்போது ஆன்சைட்டில் இருக்கிறார்.

ஆனால் உச்சம் மவுண்ட் ரோட்டில் நடந்தது. கட் அவுட் என்றால் வெட்டியெடு. கொஞ்சம் எரிச்சலாகச் சொன்னால் நிறுத்தித் தொலை. அதைத் தமிழன் ப்ளைவுட்டில் வெட்டி, ரோஸ் பவுடர் நிறத்தில் முகம் எழுதி, சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துத் தியேட்டர் வாசலில் தென்னை மரத்துக்கு மேல் நிறுத்தினான். முதல் நாள் முதல் காட்சிக்கு ஒருவன் குடத்தோடு சாரத்தில் ஏறி, ஜான்சன் பயமுறுத்திய அந்த வால்வினையின் தலையில் ஆவின் பாலைக் கொட்டினான். கீழே நின்றவர்கள் கற்பூரம் காட்டினார்கள்.