ஈரக்கால் நேர்காணல்

இந்தியாவில் டாக்டருக்குப் படிக்க நேர்காணல் கிடையாது. நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண், சரியான விடைக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழிவு, அவ்வளவுதான். பிள்ளை சிரித்த முகமா, சிடுமூஞ்சியா, ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுமா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. திருவனந்தபுரம் கரமனையில் மட்டும் பார்ப்பார்கள். இடம் எங்கள் வீட்டுக் கூடம். குழுத் தலைவர் என் சித்தப்பா.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஒரு காலத்தில் பிள்ளைகளை வளாகத்திலேயே தங்கவைத்து, நாள்கணக்கில் பேசவிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நீட் வந்ததும் அந்த முறையை விட மனமில்லாமல் கல்லூரி நீதிமன்றம் போனது. 2017இல் எம்.பி.பி.எஸ்ஸின் 100 இடங்களில் ஒரே ஒரு மாணவரைச் சேர்த்துக்கொண்டு மீதியைக் காலியாக விட்டது. (வகுப்பில் அத்தனை கேள்வியும் அந்த ஒருவரிடம்தானே போயிருக்கும்? எனக்கு அந்தக் கவலைதான்.) 2020இல் உச்ச நீதிமன்றம் எல்லாருக்கும் நீட்தான் என்று முடித்து வைத்தது.

ஆனாலும் விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. புணே ராணுவ மருத்துவக் கல்லூரி. நீட் மதிப்பெண்ணைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்துக்கும் தர்க்கத்துக்கும் ஒரு தேர்வு, மனசு எப்படி என்று பார்க்க ஒரு தேர்வு, 50 மதிப்பெண்ணுக்கு நேர்காணல், அதற்கப்புறம் உடல் பரிசோதனை. படிப்புக்குக் கட்டணம் இல்லை. முடித்ததும் ராணுவ மருத்துவ அதிகாரியாகச் சேர வேண்டும் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். என் மகளுக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது.

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு முறை கண்டுபிடித்தார்களாம். மருத்துவம் படிக்க வருகிற பிள்ளை அறை அறையாகப் போக வேண்டும். ஒவ்வோர் அறையிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சில நிமிடத்தில் மணி அடித்தால் அடுத்த அறை. இப்போது இங்கிலாந்திலும் பல இடங்களில் இதுதான் வழக்கம். கனடாக்காரர்கள் எங்கள் வீட்டை எப்போது வந்து பார்த்தார்கள் என்று தெரியவில்லை. கூடத்தில் சித்தப்பா, அடுக்களையில் என் அம்மா, மாடிப்படியில் என் மனைவி, வாசலில் பக்கத்து வீட்டுச் சேச்சி. மணிக்குப் பதில் குக்கர்.

சித்தப்பா ஏஜீஸ் ஆபீஸில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆபீஸிலிருந்துதான், ஆடிட்டிலிருந்து அல்ல.

"ஏன் டாக்டர் ஆகணும்?"

"மக்களுக்குச் சேவை செய்ய, தாத்தா."

"இதுவரை செஞ்ச சேவைக்கு வவுச்சர் இருக்கா?"

மகள் யோசித்து, "பாட்டிக்குத் தினமும் பிரஷர் பார்க்கிறேன்" என்றாள்.

"நேத்திக்குப் பார்க்கலை" என்றது அடுக்களை. சித்தப்பா அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

பொது அறிவுக்கு வந்தார். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜைத் திறந்து வைத்தவர்? நேரு, 1951 நவம்பர். அந்த முதல் அணியில் படித்துப் பெரிய ஆளாக வந்தவர்? எம்.எஸ். வலியத்தான், பிற்பாடு அதே வளாகத்தில் ஸ்ரீசித்திரா திருநாள் நிலையத்துக்கு இயக்குநரானவர். அங்கே செய்த செயற்கை இதய வால்வை முதலில் பொருத்தியது? 1990 டிசம்பர். மகள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். சித்தப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆடிட்டில் குறையே வரவில்லை என்றால் ஆடிட்டர் சரியில்லை என்றுதான் அர்த்தம் என்று, நோட்டை மூடும்போது என்னிடம் சொன்னார்.

உடல் பரிசோதனைதான் வீட்டையே கலக்கியது. ராணுவத்தில் தட்டைப் பாதம் பார்ப்பார்கள், காதில் குறும்பி இருந்தாலும் கேட்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். குறும்பி அம்மாவின் இலாகா. எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "காதில் எண்ணெய் விடக் கூடாது பாட்டி" என்று வருங்கால டாக்டர் கூடத்தைச் சுற்றி ஓடியது அந்த வருஷத்தின் முதல் மருத்துவ ஆலோசனை. பாதத்துக்கு வழி சுலபம். காலை நனைத்துக்கொண்டு வெறும் தரையில் நடந்தால் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நடுவில் வளைவு விழுந்தால் நல்லது, முழுப் பாதமும் அப்படியே பதிந்தால் தட்டை. மகளின் தடம் சங்கு மாதிரி வளைந்து விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். எல்லாருக்கும் தன் பாதத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. அம்மா நனைத்தாள், நான் நனைத்தேன், வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் நனைத்தார். கடைசியில் சித்தப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். செங்கல் பதித்ததுபோல் முழுசாகப் பதிந்தது. எழுபது வயதுக்கு மேல் தனக்கு ராணுவக் கதவு மூடப்பட்டதில் அவருக்கு ஏற்பட்ட துயரம் கொஞ்சநஞ்சமல்ல. ராணுவத்தில் சேர அவர் ஒருநாளும் நினைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

இதற்கு நடுவில் கேரள அரசின் நுழைவுத் தேர்வு ஆணையர் ஆப்ஷன் கேட்டார். எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்து என்று ஆன்லைனில் வரிசைப்படுத்த வேண்டும். உண்மையில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது நாமல்ல, ரேங்க். நாம் செய்வது தபாலில் போடாத விண்ணப்பம். ஆனாலும் எங்கள் வீட்டில் விவாதம் நள்ளிரவைத் தாண்டியது. முதல் ஆப்ஷன் உள்ளூர் மெடிக்கல் காலேஜ் என்பதில் தகராறு இல்லை. மனைவிக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் சூடு ஆறாமல் உள்ளூர் வரை போய்ச் சேரும். இரண்டாவதிலிருந்துதான் சண்டை. சித்தப்பா ரயில்வே அட்டவணையை விரித்தார். இடுக்கி மாவட்டத்தில் ரயில்பாதையே இல்லை, அதனால் அது கடைசி. அம்மாவின் கணக்குக் கோயில்வழி. திருச்சூர் என்றால் வடக்குந்நாதன், அப்படியே குருவாயூர். கோட்டயத்துக்கு ஏற்றுமானூர். ஆலப்புழை மெடிக்கல் காலேஜ் வண்டானத்தில் இருக்கிறது, இறங்க வேண்டிய ஸ்டேஷன் அம்பலப்புழை என்று சித்தப்பா சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்பலப்புழை கிருஷ்ணனின் பால்பாயசத்துக்கு எதிராக அதன் பிறகு யாரும் வாதாடவில்லை.

மகள் மட்டும் கொஞ்சம் கோபத்தோடு ஒரு கதை சொன்னாள். இதே ஊரில் மகாராஜா கல்லூரியில் மேரி புன்னன் லூக்கோஸ் அறிவியல் படிக்கக் கேட்டபோது, பெண் என்பதால் இடமில்லை என்றார்கள். வரலாறு படித்து 1909இல் பட்டம் வாங்கினார். பிறகு லண்டன் போய் எம்.பி.பி.எஸ். முடித்துத் திரும்பி, 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். "அவங்க ஆப்ஷன் லிஸ்ட்ல லண்டன் மட்டும்தான் மிச்சம் இருந்தது. நீங்க பாயசத்தைப் பார்க்கிறீங்க."

கூடம் அமைதியானது. அம்மா கேட்டாள்: "லண்டன்ல என்ன கோயில்?"

புணே புறப்படுமுன் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அந்தக் கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவம். அதற்குமேல் சிபாரிசு எங்கே கிடைக்கும்? கன்னியாகுமரி–புணே எக்ஸ்பிரஸில் வழி நெடுக மகள் தூங்கினாள். நான் ஏன் டாக்டர் ஆக வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

நேர்காணலில் சித்தப்பாவின் கேள்வி ஒன்றுகூட வரவில்லை. திருவனந்தபுரத்துப் பெண், வீட்டில் பேசுவது தமிழா, எப்படி என்று கேட்டார்களாம். 1956இல் திருவிதாங்கூரின் தெற்கே நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கரமனை சேரவில்லை, அதனால் நாங்களும் சேரவில்லை என்று இவள் சொல்ல, அவர்கள் சிரித்தார்களாம். சிரித்ததற்கு 50இல் எவ்வளவு என்று சித்தப்பா இன்றுவரை கேட்கிறார்.

புணேயில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தது. அதற்குள் ஆலப்புழை அலாட்மெண்ட் வந்துவிட்டது; மகள் அதில் சேர்ந்துவிட்டாள். இப்போது உடற்கூறியல் படிக்கிறாள். பாதத்தில் மட்டும் 26 எலும்பு என்று போனில் சொன்னாள். சித்தப்பா தன் பாதத்தில் எதுவும் குறைகிறதா என்று கேட்கச் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் பிள்ளை மருத்துவ நேர்காணலுக்குப் போவதாக இருந்தால் கரமனைக்கு அழைத்து வாருங்கள். சித்தப்பா சும்மாதான் இருக்கிறார், கட்டணம் கிடையாது. வவுச்சரை மறக்காமல் எடுத்து வரவும்.