பத்திரமாக இருக்கிறது

சம்பளம் போட்டுத் தரும் ஏஜென்சிகள் நம் வங்கிக் கணக்கைக் காக்கும் அக்கறைக்கு கோவில் கட்டலாம். கேன்சல் செய்த செக், பாஸ்புக் முதல் பக்கம், பான், ஆதார் எல்லாம் கூகுள் ஃபார்மில் ஏற்ற வேண்டும். "வாட்ஸ்அப்லயும் ஒண்ணு தட்டி விடுங்க சார், ஒரு சேஃப்டிக்கு." ஒரே இடத்தில் வைத்தால் தொலைந்துவிடாதா? அதனால்தான் அந்த எக்செல் ஷீட் எச்.ஆர்., அக்கவுண்ட்ஸ், ஏஜென்சி, போன மாதம் வேலையை விட்டுப் போனவர் என நாலு பேர் பொறுப்பில் இருக்கிறது. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் 11 எழுத்துகளில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். காக்கப்படும் ரகசியத்தின் அளவை அங்கேயே குறித்துவிட்டார்கள் போலும்.

2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றதும் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. மெயிலின் அடியில் 'இது ரகசியம்' என்று உடனே ஒரு வரி சேர்த்தார்கள். பொடி எழுத்தில்தான். ரகசியம் அல்லவா!

சம்பளச் சீட்டுக்கு மட்டும் இரும்புப் பூட்டு. பான் எண்ணோடு பிறந்த தேதி போட்டும் உரியவருக்குத் திறக்கவில்லை. எச்.ஆரை அழைத்தார்.

"பாஸ்வேர்டா சார்? எல்லாருக்கும் அனுப்பின எக்செல்ல கடைசி காலம் பாருங்க."